வரப்பில் வைத்த உப்பு

உப்பளத்தில் வேலை செய்யும் அந்த அக்கா உப்பை யார் கையிலும் கொடுக்க மாட்டார். மரக்காணம் பக்கம் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா உப்பு ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோ" என்பார். அவசரத்தில் அம்மாவே மறந்துபோவதும் உண்டு. அக்கா மறந்து நான் பார்த்ததில்லை. உப்பளத்தில் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவள் குழம்புக்கு ஒரு பிடி கேட்டாலும், குனிந்து வரப்பின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார். கேட்டவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

"மலையாட்டம் குவிஞ்சி கெடக்குது. இதுல கையில குடுத்தா இன்னா, கீழ வெச்சா இன்னாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கும் ஒன்னும் ஆவாது, உனக்கும் ஒன்னும் ஆவாது. நமக்கு நடுவுல ஆயிடும்" என்றார்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆங்கில இணைய இதழில் வேலை பார்த்தேன். இடையஞ்சாவடிப் பக்கம் மாமரம் நின்ற ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். உலகத்தில் எங்கெல்லாம் பெண்கள் ஒடுக்கப்படுகிறார்களோ அங்கிருந்தெல்லாம் கட்டுரைகள் வரும். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் இருக்கும். படித்து மனம் இளகியவர்கள் அதை அமுக்கி நன்கொடை தருவார்கள். அந்த உதவி உரியவர்களுக்குத்தான் போனது. இதில் திருட்டு எதுவும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு நடந்த இடம் என்னுடைய நோட்டுப் புத்தகம்.

உப்பளத்துப் பெண்களைப் பற்றி எழுத என்னை அனுப்பினார்கள். நான் அந்தப் பக்கத்து ஊர்க்காரி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம் செய்கிற குடும்பம், பேச்சு புரியும் என்பதால். முதல் நாள் அக்கா என்னை "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றார். இரண்டாம் நாளே "நீ" ஆகிவிட்டேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் ஒரு பெண்ணை மனம் திறக்க வைத்துவிட்டேன் என்று அலுவலகத்தில் வந்து பீற்றிக்கொண்டேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும் அதன் மறுபாதியையும் சொல்லாமல் விட மாட்டார். சொல்லிவிட்டு, விரலால் என் நோட்டைத் தட்டி, "அதையும் எழுதிக்கோ" என்பார்.

"இந்த மேஸ்திரி இருக்கிறானே, வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான். வயசுப் பொண்ணுங்க இருக்குதுன்னு கூட பாக்க மாட்டான். எழுதிக்கோ" என்று ஆரம்பிப்பார். நான் மளமளவென்று எழுதுவேன். நிமிர்வதற்குள் அடுத்தது வரும். "எம் பொண்ணுக்கு டெங்கு காய்ச்சல் வந்தப்போ அவன் பைக்லதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். விடிய விடிய வெளிய குந்திக்கினு இருந்தான். அதையும் எழுதிக்கோ."

தன்னைப் பற்றியும் அப்படித்தான். எதிர்ப் பாத்தியில் ஒரு பெண்ணுடன் தண்ணீர் திறந்துவிடுவதில் சண்டை. அந்தப் பெண் எப்படியெல்லாம் பேசினாள் என்று நடித்தே காட்டினார். எல்லாரும் சிரித்து முடித்ததும், "மொதல்ல முடியப் புடிச்சி இழுத்தது நான்தான். அதையும் எழுதிக்கோ" என்றார். எதிர்ப் பாத்திக்காரி அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள்.

எனக்கு இது முதலில் வேடிக்கையாகவும் பிறகு எரிச்சலாகவும் இருந்தது. ஒரு பெண் தான் படும் பாட்டைச் சொன்னால் அதைக் கேட்டு நமக்குக் கோபம் வர வேண்டும். இவர் கோபம் வருகிற நேரம் பார்த்து அதை அணைத்துவிடுகிறார். கட்டுரை எப்படி நிற்கும்?

அவருடைய கணவரைப் பற்றியும் மறைக்கவில்லை. என் போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

"குடிச்சிட்டு வந்து ஒருவாட்டி அடிச்சாரு. பல்லு ஒன்னு ஆடிப்போச்சு, வாயெல்லாம் ரத்தம். எழுதிக்கோ. நான் புள்ளையத் தூக்கினு கூனிமேட்டுக்கு, எங்க அண்ணன் ஊட்டுக்குப் பூட்டேன். மூணாம் நாள் வந்து தெருவுல நின்னாரு. வான்னும் சொல்லல, ஒன்னும் சொல்லல. வெயில்ல நின்னுக்கினே இருந்தாரு. அன்னியிலேர்ந்து குடி கெடையாது, கை நீட்றது கெடையாது. பன்னண்டு வருசமா அவருதான் சோறாக்கி இங்க எடுத்தாறாரு. அதையும் எழுதிக்கோ."

அந்தச் சோறு வருவதை நானே பார்த்திருக்கிறேன். பத்து மணி வாக்கில் ஒல்லியான ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, பெண்கள் சாப்பிடுகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். தூக்கின் மூடிக்குள் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் இருக்கும். உப்புத் தண்ணீரில் அக்காவின் விரல்கள் வெடித்திருக்கும். வெடிப்பில் குழம்பு பட்டால் உயிர் போகும். அதற்காகத்தான் அந்த ஸ்பூன். அத்தனை பெண்களில் ஸ்பூனில் சாப்பிடுகிறவர் அக்கா ஒருவர்தான். "கலெக்டர் பொண்டாட்டி சாப்புடுறா, பாருங்கடி" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த மனிதரின் காது சிவந்துபோகும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதையும் நூறு தடவை சொன்னார்.

"விடிகாலையில ஊட்டுல ஒன்னுக்குப் போனா, அப்புறம் மத்தியானம் ஊட்டுக்குப் போய்த்தான். அதுக்குப் பயந்துக்கினு யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. இந்த வெயில்ல தண்ணி குடிக்காம வேல செஞ்சா இன்னா ஆவும்? இங்க எத்தினி பேருக்கு நீர்க்கடுப்புன்னு கேட்டுப் பாரு. ஓனரு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தாரு, எழுதிக்கோ. அதுக்குத் தாப்பா கெடையாது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் புடிச்சிக்கினு நிக்கணும். லாரிக்காரனுங்க பாத்துச் சிரிக்கிறானுங்க. தண்ணி வர்ற பைப்பு ஒன்னு, உள்பக்கம் தாப்பா ஒன்னு. அவ்ளோதாம்மா கேக்குறோம்."

ஒருநாள் எங்கள் இதழ் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். போனில் காட்டினேன். எங்கோ வெகு தொலைவில் ஒரு மலைநாட்டில் கம்பளம் நெய்கிற பெண்ணின் படம் இருந்தது. கட்டுரையை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். பதினான்கு வயதில் கட்டிக்கொடுத்தார்கள், மாமியார் வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை, தறியே கதி. அக்கா கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா வேற இன்னா சொல்லிச்சு?"

"இவ்ளோதாங்க்கா போட்டிருக்கு."

"இவ்ளோதானா? ஒரு பொம்பள வாயத் தொறந்தா இவ்ளோதான் பேசுவாளா?"

நான் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுநாள் கிளம்பும்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் நல்ல பருமனான உப்பாகப் பொறுக்கிப் போட்டு முடிந்து வரப்பில் வைத்தார். "இது உனக்கில்ல. அந்தக் கம்பளக்காரம்மாவுக்கு. மலையில உப்பு கெடைக்குதோ இன்னாவோ. உங்க ஆபீஸ்ல சொல்லி அனுப்பு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டிச் சிரித்தோம். மழைக்காலம் வந்ததும் அது என் மேசை டிராயரில் நீர்விட்டு, அங்கிருந்த காகிதங்களை எல்லாம் நனைத்துவிட்டது. அக்காவைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தேன்.

என் கட்டுரையின் முதல் வடிவத்தில் எல்லாம் இருந்தது. மேஸ்திரி, தாழ்ப்பாள், பல், ஸ்பூன் எல்லாம். ஆசிரியர் போனில் அழைத்தார். நல்ல மனுஷி, ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"கழிப்பறை பத்தி நாம நிறையப் போட்டாச்சு. அந்தக் கணவர் விஷயம்தான் இதுல உயிர். அதை முன்னால கொண்டு வாங்க. சோறு, ஸ்பூன் எல்லாம் வேண்டாம். படிக்கிறவங்க யார் மேல கோபப்படறதுன்னு தெரியாம குழம்பிடுவாங்க."

ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் வாதாடினால் கேட்டிருக்கவும் கூடும். நான் வாதாடவில்லை. என் கட்டுரை முகப்பில் வர வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்தது. உட்கார்ந்து திருத்தினேன். "ஒருவாட்டி அடிச்சாரு" என்பதில் அந்த ஒருவாட்டியை எடுத்தேன். பன்னிரண்டு வருடத்தையும் எடுத்தேன். ரத்தம் மட்டும் இருந்தது. பொய்யாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரொம்ப நன்றாக எழுதினேன். நன்றாக எழுதினேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

பச்சைப் பட்டனை நிறையப் பேர் அமுக்கினார்கள். அந்த உதவியில் அக்காவுக்கு ஒரு தையல் மிஷின் வந்தது. கணவனை நம்பி இருக்க வேண்டாம், சொந்தக் காலில் நிற்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பந்தல் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், மைக் வைத்திருந்தார்கள். அக்காவின் கணவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். மிஷினை இறக்குவதற்கு அவர்தான் கை கொடுத்தார். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இருந்ததே. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

புகைப்படக்காரருக்கு ஒரு யோசனை. அக்கா இரண்டு கைகளாலும் உப்பை அள்ளி அந்த அம்மாளின் கையில் கொடுக்க வேண்டும், அதைப் படமெடுக்க வேண்டும். நான் போய்ச் சொன்னேன்.

"கையிலயா? வேணாம்மா. கீழ வெக்கிறேன், எடுத்துக்கட்டும்."

"போட்டோவுக்குத்தாங்க்கா. ஒரு செகண்டு."

"பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கிறாங்க. அவங்களுக்கும் எனக்கும் எதுக்கு வம்பு? அள்ளிக் காட்டுறேன். குடுக்க மாட்டேன்."

அப்படியேதான் செய்தார். வெடித்த இரண்டு உள்ளங்கை, அதில் உப்பு. அந்தப் படம்தான் பிறகு எல்லா இடத்திலும் வந்தது. எடுத்து முடித்ததும் உப்பைத் தட்டில் கொட்டி அந்த அம்மாளின் முன்னால் தரையில் வைத்தார்.

பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். அக்கா தைரியமாகவே பேசினார். "மிஷின் நல்லாயிருக்குது. ரொம்ப சந்தோசம், நீங்க நல்லா இருக்கணும். ஆனா நான் கேட்டது தாப்பா. இந்த வெரல வெச்சிக்கினு நான் எப்படித் தெக்கிறது? எம் பொண்ணு தெப்பா, அது வேற. இவங்க எல்லாருக்கும் சேத்து ஒரு தாப்பா போட்டுக் குடுங்க, தண்ணிக்கு ஒரு பைப்பு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில், மனமார்ந்த நன்றி சொல்கிறார், பெண்கள் எல்லாரையும் நினைத்துப் பேசுகிறார் என்றேன். கைதட்டினார்கள்.

இறங்கி வரும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "நான் அவ்ளோ நேரம் பேசினேன். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியே?"

"இங்கிலீஷ்ல சுருக்கமா வரும்க்கா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

கூனிமேட்டு அண்ணனின் மகன் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறான். அத்தையின் படம் வந்திருக்கிறதே என்ற பெருமையில் அவன் கட்டுரை முழுவதையும் தமிழில் எழுதி உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து ஊரெல்லாம் போயிற்று. டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார். அக்காவின் கணவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார். மறுநாள் உப்பளத்துக்குச் சோறு வரவில்லை.

அன்று மாலையே அக்கா எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"அடிச்சத எழுதினதுக்கு நான் ஒன்னும் சொல்லல. அடிச்சாரு, எழுதச் சொன்னதும் நான்தான். மீதிய நான் சொல்லவே இல்லன்னு நெனச்சிக்கினு இருக்காரு. பன்னண்டு வருசம் உன் கண்ணுக்குத் தெரியலையான்னு கேக்குறாரு. நான் சொன்னேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா. போன்ல புடிச்சி வெச்சியே, அதப் போட்டுக் காட்டு. போதும்."

"இந்த வாரமே வர்றேங்க்கா" என்றேன்.

போகவில்லை. இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் போக ஒரு மணி நேரம் ஆகாது. பெரிய முதலியார்சாவடியில் நின்றால் பஸ் வந்துகொண்டே இருக்கும். பதிவைப் போட்டுக் காட்டினால் அதையும் யாராவது வாட்ஸப்பில் போடுவார்கள், அலுவலகத்துக்குத் தெரியும், நன்கொடை தந்தவர்கள் கேள்வி கேட்பார்கள், என் வேலை போகும். இந்தப் பயம்தான். வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை. அடுத்த வாரம் கூப்பிட்டபோது காய்ச்சல் என்றேன். அதற்கடுத்த முறை மணி அடிக்க அடிக்கப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு கட்டத்தில் அழைப்பு வருவது நின்றது. நின்றதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி.

மழைக்காலம் முடிந்து அடுத்த உப்புப் பருவம் தொடங்கியபோது அந்த நிறுவனத்தில் என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனி பறிபோக வேலை இல்லை என்றான பிறகுதான் பஸ் ஏறினேன். அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அக்கா வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூன் இல்லை. ஒரு வாய் எடுப்பார், கையை உதறுவார், மறுபடி ஒரு வாய். கழிப்பறைக் கதவை ஒரு பெண் வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் எங்கக்கா?"

"தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் பூட்டாரு. மறுபடியும் குடிக்கிறாராம், கூட வேல செய்யறவன் சொன்னான். நான் போன் பண்ணா எடுக்கறதில்ல." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, "மிஷின் நல்லா ஓடுது. பொண்ணு ஜாக்கெட் தெக்கிறா" என்றார். அடுத்து அந்த 'எழுதிக்கோ' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நான் போனை எடுத்தேன். "அன்னிக்குப் பதிஞ்சது இருக்குக்கா" என்று போட்டுவிட்டேன். காற்றுச் சத்தம், பலகை உப்பை இழுக்கிற சத்தம், நடுவில் அவருடைய குரல். அக்கா எச்சில் கையை ஒதுக்கிவைத்துக்கொண்டு மறு கையால் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். அடி வந்தது, ரத்தம் வந்தது, அண்ணன் வீடு வந்தது, தெருவில் வெயிலில் நின்றது வந்தது. பன்னண்டு வருசமா அவருதான் சோறாக்கி இங்க எடுத்தாறாரு. அதையும் எழுதிக்கோ.

முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

"சொல்லித்தான் இருக்கேன்" என்றார். "அவரு திரும்பத் திரும்பக் கேக்கவும், நாந்தான் சொல்லாம வுட்டுட்டனோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி மாசமா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சமாதானம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

"நம்பர் குடுங்கக்கா. நான் பேசுறேன். எல்லாம் என் தப்புன்னு சொல்றேன்."

"தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்டாரு. நான் வரச் சொன்னப்போ கூப்புடு தூரத்துல இருந்தாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார்.

நானும் எழுந்தேன். எப்போதும் போல அக்கா ஒரு பையை எடுத்தார், குவியலில் இருந்து உப்பை அள்ளிப் போட்டார், முடிச்சுப் போட்டார். அந்த நேரத்தில் என் மனம் லேசானதை மறைக்க மாட்டேன். இன்னும் எனக்கு உப்பு தருகிறாரே என்று நினைத்தேன். பழக்கத்தில் வரப்பைப் பார்த்தபடி இரண்டடி தள்ளி நின்றேன்.

அக்கா குனியவில்லை. நேராக என் அருகில் வந்து கையை நீட்டினார்.

"இந்தாங்கம்மா, புடிங்க."

கீழே வையுங்க அக்கா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.